அத்தை விட்டுட்டுப் போன பச்சைக்கிளி: எப்படிப் பார்த்துக்கிறது?

#1 உறையூர்_மாலா

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தை பெங்களூர்ல மகன் வீட்டோட போய் இருக்கப் போறாங்க. அங்க அபார்ட்மென்ட்ல கிளி வெச்சுக்க விடமாட்டாங்களாம். அதனால அவங்க வளர்த்த பச்சைக்கிளி இப்போ எங்க வீட்டுக்கு வந்துருச்சு. பேரு முத்து. கழுத்துல வளையம் இருக்கு, அதனால ஆண்னு சொல்றாங்க. வயசு ஏழெட்டு இருக்கும். "சாப்டியா?", "மாமா வா" ரெண்டும் நல்லாச் சொல்லும்.

இத்தனை வருஷமா அது சாப்பிட்டது தயிர்சாதம், பச்சை மிளகாய், டீயில முக்கின பிஸ்கட். சாயங்காலம் அத்தை மிக்சர் டப்பாவைத் திறந்தா அதுல வேர்க்கடலை. கூண்டு மேல கூம்பு வெச்ச உருண்டைக் கூண்டு, உள்ள ஒரே ஒரு இரும்புக் கம்பி.

எனக்கு ரெண்டு பிரச்சினை. கையை உள்ள விட்டா ரத்தம் வர்ற மாதிரி கடிக்குது. சாயங்காலம் ஆறு மணியானா கத்துற கத்துல மாடி வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்து சொல்லிட்டாங்க. நான் இதுவரைக்கும் மீன் தொட்டி கூட வெச்சதில்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க.

#2 கொங்கு_செந்தில்

மாலாங்க, மொதல்ல அந்த டீ, பிஸ்கட், மிக்சர் மூணையும் நிறுத்துங்க. உப்பும் காஃபீனும் அதுக்கு ஆகாது. பச்சை மிளகாய் தாராளமாக் குடுங்க. காரம் பறவைக்குத் தெரியாதுங்க, நமக்குத்தான் கண்ணுல தண்ணி வரும்.

கடிக்கிறதுக்கு முன்னாடி கிளி ஒரு சைகை காட்டும். கண்ணைப் பாருங்க, கருமணி சட்டு சட்டுனு சுருங்கி விரியும். அப்போ கையை நீட்டினா கண்டிப்பாக் கடிதான். அடங்கினப்புறம் கொய்யாத் துண்டை கம்பிக்கு வெளிய இருந்தே நீட்டுங்க. கையை உள்ள விடறதுங்கிறது அது இருக்கற வீட்டுக்குள்ள நாம பூந்து நிக்கற மாதிரிங்க.

ஆறு மணிக் கத்தல் நிக்காதுங்க. காட்டுல அந்த நேரத்துலதான் எல்லாக் கிளியும் கூட்டமா அடையப் போகும், ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கும். நீங்க அடுத்த ரூம்ல இருந்து ஒரு விசில் அடிச்சு பதில் குடுத்தீங்கன்னா கொஞ்சம் குறையும். "ஏய் சும்மா இரு"ன்னு நீங்களும் கத்தினா ஆள் சேர்ந்துருச்சுன்னு இன்னும் ஜோராக் கத்தும்.

#3 பறவைப்பித்தன்

தீனி பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். யாரும் சொல்லாமல் இருப்பதால் நான் சொல்கிறேன். கழுத்தில் வளையம் உள்ள நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இது பாதுகாக்கப்பட்ட பறவை. இந்தியக் காட்டுப் பறவைகளின் விற்பனை 1990-91லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த இந்தக் கிளி, 2022 திருத்தத்தில் இரண்டாம் அட்டவணைக்குப் போனது. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தோளில் சிவப்புப் பட்டையோடு உருவத்தில் பெரிதாக இருக்குமே, அந்த அலெக்சாண்டரின் கிளிக்கும் இதுதான். 2023 பிப்ரவரியில் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டில் அந்த வகைக் கிளிகள் இரண்டு இருந்ததற்கு வனத்துறை 2.5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது நினைவிருக்கும்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

#4 உறையூர்_மாலா

இது எனக்குச் சத்தியமாத் தெரியாது. எங்க தெருவுல மட்டும் மூணு வீட்ல கிளி இருக்கு. மெயின் ரோட்டுல கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருக்கார். அவங்களை எல்லாம் யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே?

#5 ரெங்கா75

அதைத்தான் நானும் கேட்கிறேன். மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் கையில் கிளி. எங்கள் பாட்டி வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிளி இருந்தது. பேரன் பேத்தியை விட அதற்குத்தான் முதல் பங்கு. அன்பாக வளர்ப்பவனைக் குற்றவாளி ஆக்குவது என்ன நியாயம்? காட்டை அழிப்பவனை விட்டுவிட்டு வீட்டில் ஒரு கிளி வைத்திருக்கும் அத்தையைப் பிடிப்பார்களாம்.

#6 பறவைப்பித்தன்

ஐயா, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளி தினமும் இலையில் புதிதாகச் செய்வது. அலகுக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை. அந்தக் கிளியை வளர்க்க எந்தச் சட்டமும் தடை சொல்லாது.

மாலா கேட்டதற்குப் பதில்: ஜோசியக்காரர்களையும் பிடிக்கிறார்கள். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கிளி வைத்துச் சொன்னவரை வனத்துறை பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்து, எச்சரித்து அனுப்பியது. எல்லோரையும் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். அதை நம்பி உட்கார்ந்திருக்கலாமா என்பது உங்கள் முடிவு.

#7 பனங்காட்டு_நரி

ராமநாதபுரம் பக்கத்துல இருந்து எழுதறேன். அன்பு, பாட்டி எல்லாம் சரி. அந்தக் கிளி எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாராச்சும் யோசிச்சீங்களா? வீட்ல குஞ்சு பொரிச்சு வந்த பச்சைக்கிளி ரொம்ப அபூர்வம். தை மாசத்துல ஆரம்பிச்சு பங்குனி வரைக்கும் மொட்டைப் பனையில, தென்னைப் பொந்துல குஞ்சு இருக்கும். மரம் ஏறுற பயலுக இறக்கைத்தூவி கூட முளைக்காததை எடுத்துட்டு வருவானுக. பொந்து சின்னதா இருந்தா வெட்டிப் பெருசாக்கித்தான் எடுப்பானுக. அடுத்த வருசம் அந்தப் பொந்துல எதுவும் முட்டை வைக்காது.

எடுத்த குஞ்சை சாக்கு போட்டு மூடின கூடையில வெச்சு பஸ்ஸுல கொண்டு போவானுக. தண்ணியில கரைச்ச பொட்டுக்கடலை மாவை வாயில திணிப்பானுக, அது மூச்சுக்குழாய்க்குள்ள போயி நிறையச் சாகும். ஒரு கூடையில எத்தனை உயிரோட சந்தைக்குப் போய்ச் சேரும்னு நான் சொன்னா நம்பமாட்டீங்க. மிஞ்சி வந்ததுதான் உங்க முத்து. வாங்குற ஆள் இருக்குற வரைக்கும் மரம் ஏறுற ஆளும் இருப்பான். ரெங்கா ஐயா கோவிச்சுக்காதீங்க.

#8 உறையூர்_மாலா

படிக்கவே கஷ்டமா இருக்கு. வீட்ல பேசினேன். என் கொழுந்தனார், "இவ்ளோ யோசிக்க என்ன இருக்கு அண்ணி, மொட்டை மாடிக்குக் கொண்டு போய்க் கூண்டைத் திறந்து விடுங்க, புண்ணியமாப் போகும்"ங்கிறார். விட்டுரலாமா?

#9 டாக்டர்_வசந்தி

விடாதீங்க! நான் கால்நடை மருத்துவர், பறவைகள் நிறையப் பார்க்கிறேன். புண்ணியம்னு திறந்து விட்ட கிளிகள்தான் காக்கா கொத்தினபடி, நாய் கவ்வினபடி என்கிட்ட வருது. ஏழெட்டு வருஷம் உருண்டைக் கூண்டுல இருந்த கிளிக்கு நெஞ்சுச் சதை வளர்ந்தே இருக்காது. ரெண்டு தெரு பறந்தா இறங்கிடும். இறங்கினதும் மனுஷன் தோளைத் தேடும். எதைச் சாப்பிடணும், எதுக்குப் பயப்படணும்னு எதுவும் தெரியாது. கூண்டுல பிடிச்ச நோயைக் காட்டுக் கூட்டத்துக்குக் கொண்டு போற ஆபத்தும் இருக்கு. வனத்துறைகிட்டக் குடுத்தா பெரிய கூண்டுல மத்த கிளிகளோட விட்டுப் பறக்கப் பழக்கி, தேறினதை மட்டும் விடுவாங்க. தேறாததை வெச்சுக்குவாங்க.

ஒப்படைக்கிற வரைக்கும் அது உங்க பொறுப்பு. அதனால சில விஷயம் சொல்றேன். வேற கிளி வெச்சிருக்கிறவங்களுக்கும் பொருந்தும்.

முதல்ல சீலிங் ஃபேன். நம்ம ஊர்ல வீட்டுக் கிளிக்கு எமன் அதுதான். கூண்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைச்சு, அது மேல ஒரு டேப்பை ஒட்டிடுங்க. இல்லன்னா வீட்டுக்கு வர்ற யாராவது "என்ன புழுக்கம்"னு தட்டி விட்டுருவாங்க.

ரெண்டாவது நான்ஸ்டிக் தவா. அடுப்புல மறந்து காய விட்டா அந்தப் பூச்சுல இருந்து வர்ற புகை நம்மள ஒண்ணும் பண்ணாத அளவுல இருந்தாலும் கிளி சில நிமிஷத்துல செத்துடும். பறவையோட நுரையீரல் காத்துல இருக்கிறதை நம்மளவிட வேகமா உறிஞ்சும். கூண்டு சமையலறைப் பக்கம் வேண்டாம். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாத்துக்கும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற வீடுன்னா அந்த நேரம் கிளியை பால்கனிக்கு மாத்துங்க.

தீனி: ஒரே நாள்ல தயிர்சாதத்தை நிறுத்தினா பட்டினி கிடக்கும். காலையில நல்ல பசியில இருக்கும்போது காய்கறி வைங்க. துருவின கேரட், முருங்கைக்கீரைக் கொத்து, கொத்தமல்லி, முளைகட்டின பச்சைப்பயறு, வேகவெச்ச சர்க்கரைவள்ளி. கீரையைக் கிண்ணத்துல போடாம கொத்தா கம்பியில தலைகீழாக் கட்டித் தொங்க விடுங்க, விளையாடிக்கிட்டே பிய்க்கும். அவ்வளவு நாள் கண்ணால பார்க்காததை முதல் வாரம் தூக்கித்தான் எறியும், நீங்க விடாம வைங்க. வெறும் தானியமும் சோறும் தின்னு வளர்ந்த கிளிக்கு வைட்டமின் ஏ பத்தாது. மூக்கடைப்பு, வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு அதனாலதான் வருது. சூரியகாந்தி விதையை மட்டும் அள்ளிப் போட்டா ஈரல்ல கொழுப்பு. பட்டர் ஃப்ரூட், சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. ஆப்பிள் குடுத்தா விதையை எடுத்துட்டுக் குடுங்க, கொய்யா விதையோட குடுக்கலாம்.

கால்சியத்துக்குப் பெட் ஷாப்ல காசைக் கொட்ட வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேளுங்க, கணவாய் ஓடுதான் அது. ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு உப்பை இறக்கி, வெயில்ல காயவெச்சு, மெத்துனு இருக்கிற பக்கம் கிளியைப் பார்க்கிற மாதிரி கட்டி விடுங்க.

கூண்டு அகலமாச் செவ்வகமா இருக்கணும், ரெண்டு இறக்கையையும் விரிச்சா கம்பியில படக்கூடாது. உட்கார இரும்புக் கம்பி வேண்டாம், காலடியில புண்ணு வரும். கொய்யாக் கிளையை வெட்டிக் கழுவி வைங்க. கிளை ஒரு இடத்துல தடியா, ஒரு இடத்துல ஒல்லியா இருக்கும், கால் விரல் பிடியை மாத்திக்கிட்டே இருக்க அதுதான் நல்லது.

கிளி நோயை மறைக்கும். காட்டுல சீக்காளியாத் தெரிஞ்சா கழுகுக்கு முதல் இரை அதுதானே. நீங்க கண்டுபிடிக்கும்போது பாதி நோய் முத்தியிருக்கும். அதனால சமையலறைத் தராசுல வாரம் ஒரு தடவை எடை பாருங்க. பச்சைக்கிளி 120 கிராமை ஒட்டி இருக்கும், அதுல பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே மருத்துவர்கிட்டக் காட்டணும். உப்பிக்கிட்டு உட்கார்றது, கூண்டுத் தரையில இறங்கிக் கிடக்கிறது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுறது, இதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடற விஷயம் இல்ல. பூனை லேசாக் கீறினாக் கூட அன்னைக்கே தூக்கிட்டு வாங்க. காயம் சின்னதா இருக்கும், பூனை எச்சில்ல இருக்கிற கிருமி ரெண்டு நாள்ல ஆளைக் காலி பண்ணிடும்.

பிடிக்கும்போது துண்டு போட்டுத் தலையைப் பிடிங்க, நெஞ்சை அமுக்காதீங்க. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைஞ்சாத்தான் மூச்சு. பயத்துல இறுக்கிப் பிடிச்சா கையிலேயே போயிடும்.

#10 உறையூர்_மாலா

டாக்டர், ரொம்ப நன்றி. எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன். ஒரு சந்தேகம், முத்துவோட மேல் அலகு ரொம்ப நீளமா வளைஞ்சு கீழ வருது, மேல செதில் செதிலா உரியுது. நகவெட்டியால கொஞ்சம் வெட்டி விடலாமா?

#11 டாக்டர்_வசந்தி

நகவெட்டியைத் தொடவே தொடாதீங்க. அலகுக்குள்ள ரத்த ஓட்டம் இருக்கு. உரசித் தேய்க்க மரம் இல்லாததும் காரணமா இருக்கலாம். ஆனா இத்தனை வருஷ பிஸ்கட், மிக்சரைப் பார்த்தா எனக்கு ஈரல் மேலதான் சந்தேகம். ஒப்படைக்கும்போது இதையும், என்ன சாப்பிட்டு வளர்ந்ததுங்கிறதையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. பார்க்கிற மருத்துவருக்கு உதவும்.

#12 லண்டன்_குமரன்

நடுவுல ஒரு சின்னத் தகவல். நீங்க வீட்ல வெச்சுக்கக் கூடாதுங்கிற அதே பச்சைக்கிளி இங்க ஹைட் பார்க்ல கூட்டம் கூட்டமாத் திரியுது. எப்பவோ யாரோ வளர்த்து விட்டது பெருகிடுச்சு. ஆப்பிளை நீட்டினா கையில வந்து உட்காரும். ஜனவரிக் குளிர்ல மொட்டை மரத்துல அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ எங்கடா இங்கன்னு கேட்கத் தோணும், அதுவும் என்னைப் பார்த்து அதையே கேட்கும்போல.

#13 ரெங்கா75

டாக்டர் எழுதியதைப் படித்தேன். எங்கள் பாட்டி கிளிக்கும் டீதான் கொடுத்தார், நன்றாகத்தான் இருந்தது என்று எழுத வந்தேன். யோசித்தால் அந்த மூன்று தலைமுறையில் ஒரே கிளி இல்லை, ஒன்று போனால் இன்னொன்று வாங்கி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஒரு பச்சைக்கிளி எத்தனை வருடம் இருக்க வேண்டும்?

#14 டாக்டர்_வசந்தி

நல்லாப் பார்த்துக்கிட்டா 20 வருஷத்துக்கு மேல.

#15 அண்ணாநகர்_விக்கி

எனக்கு ஒரு டவுட். நீல கலர், மஞ்சள் கலர் ரிங்நெக் (கழுத்துல வளையம் இருக்கிற இதே மாதிரி கிளி) கடையில ஓப்பனா விக்கிறாங்களே? கேட்டா "இது ஃபாரின் ப்ரீட் சார், லீகல்"னு சொல்றாங்க. பில்லு கேட்டா துண்டுச் சீட்டுல எழுதித் தர்றாங்க.

#16 பறவைப்பித்தன்

நிறம் மாறினாலும் இனம் அதேதான். சட்டத்தின் அட்டவணையில் இனத்தின் பெயர்தான் இருக்கிறது, நிறம் இல்லை. கடைக்காரர் வாய்ச்சொல் உங்கள் வீட்டுக்கு வனத்துறை வரும்போது கூட வராது.

#17 கொங்கு_செந்தில்

அப்போ எதைத்தான் வளர்க்கறதுன்னு கேட்கறவங்களுக்கு. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த பட்ஜி, காக்டெயில் ரெண்டும் பிரச்சினை இல்லைங்க. கடையில லவ் பேர்ட்ஸ்னு சொல்லித் தர்றது பெரும்பாலும் பட்ஜிதான். இது ரெண்டும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இல்லாததால பதிவும் வேண்டாம். சன் கான்யூர், மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே மாதிரி பட்டியல்ல இருக்கறதை வாங்கினா பரிவேஷ்ங்கற மத்திய அரசு இணையதளத்துல பதிவு பண்ணியே ஆகணும், 2024ல அதுக்குத் தனி விதியே வந்துருச்சு. குஞ்சு பொரிச்சாலும், செத்தாலும், கை மாத்தினாலும் அதுலயே தெரிவிக்கணும்.

என்கிட்ட சன் கான்யூர் ஒரு ஜோடி இருக்குதுங்க. பதிவு பண்ணி வெச்சிருக்கேன். அழகுக்கு ஆசைப்பட்டு அபார்ட்மென்ட்ல வாங்கிராதீங்க, முத்து கத்தறதெல்லாம் அதுக்கு முன்னாடி தாலாட்டு. எங்க தோட்டத்து வீட்டுக்கே ரெண்டு காடு தள்ளிக் கேக்குது. காக்டெயில் சாதுங்க, ஆனா உடம்புல இருந்து வெள்ளைப் பொடி உதிரும், வீட்ல ஆஸ்துமா இருந்தா யோசிங்க. மொதல் தடவைன்னா பட்ஜி ஒரு ஜோடி போதும். ஒத்தையா வெச்சா நீங்க தினமும் அது கூட உக்காரோணும். வேலைக்குப் போறவங்களுக்கு அது முடியாதுங்க.

வாங்கும்போது நல்லா வெளிச்சத்துல பாருங்க. பின்பக்க இறகுல எச்சம் ஒட்டியிருந்தா, மூக்கு ஈரமா இருந்தா, மத்தது எல்லாம் சாப்பிடும்போது அது மட்டும் தூங்கிட்டு இருந்தா, பரிதாபப்பட்டு வாங்கிராதீங்க. நம்ம பழைய பட்ஜிக்கும் ஒட்டிக்கும்.

#18 அண்ணாநகர்_விக்கி

இறக்கையைக் கத்தரிச்சு விடலாமா கூடாதா? அதுக்கும் ஒரு சண்டை போட்டு முடிச்சிருங்க.

#19 பனங்காட்டு_நரி

பறக்குறதைப் புடிச்சுப் பறக்காம ஆக்குறதுக்கு கோழி வளர்த்துட்டுப் போயிரலாம். முட்டையாச்சும் கிடைக்கும்.

#20 டாக்டர்_வசந்தி

நரி சொன்ன கோபத்துல இல்ல, அனுபவத்துல சொல்றேன். வெட்டின கிளி பறக்க முடியும்னு நினைச்சுத் தாவும், நெஞ்செலும்பு தரையில அடிபடும். குஞ்சுல நல்லாப் பறந்து பழகின கிளிதான் இறங்கத் தெரிஞ்ச கிளி. ஜன்னலுக்குக் கொசுவலை போடுங்க, ஃபேனை அணைங்க, கத்தரிக்கோலை எடுத்து வைங்க. புதுசா முளைக்கிற இறகுக்குள்ள ரத்தம் ஓடும், அது உடைஞ்சா நிக்காம வடியும். சோளமாவை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும்.

#21 உறையூர்_மாலா

அப்டேட். நேத்து முத்துவை வனச்சரக அலுவலகத்துல ஒப்படைச்சாச்சு. ஃபோன்ல முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் போனோம். கேஸ் போடுவாங்களோன்னு வீட்டுக்காரருக்கு உதறல். அப்படி எதுவும் இல்ல. எப்படி வந்துச்சு, எத்தனை வருஷமா இருக்குன்னு கேட்டாங்க, ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கிட்டாங்க. டாக்டர் சொன்ன மாதிரி அலகு விஷயம், சாப்பாட்டு விஷயம் எழுதின தாளைக் குடுத்தேன். அதைப் படிச்ச வனக்காவலர், "மிக்சர் வேறயா"ன்னு சிரிச்சுட்டார். அங்க ஏற்கெனவே ஒரு பெரிய கூண்டுல எட்டுப்பத்து கிளி இருக்கு. இதுவும் போன உடனே எல்லாத்தையும் பார்த்து "சாப்டியா?"ன்னு கேட்டுச்சு, ஒண்ணும் கண்டுக்கல.

அத்தைக்கு வீடியோ கால்ல சொன்னப்போ ஒரே அழுகை, அப்புறம் திட்டு. "உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு"ன்னு வெச்சுட்டாங்க. இன்னும் பேசல. மாடி வீட்டுக்காரங்க மட்டும் சந்தோஷமா இருக்காங்க.

#22 ரெங்கா75

அத்தையின் கோபம் எனக்குப் புரிகிறது. சட்டத்தைச் சொன்னால் இன்னும் கோபம்தான் வரும், நரி எழுதிய அந்தக் கூடைக் கதையை வேண்டுமானால் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. ஆனாலும் வளர்த்தவர்களுக்கு ஒரு மரியாதை கொடுத்து, இரண்டு வார்த்தை பேசி வாங்கிக்கொள்ள வனத்துறை பழக வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. 2023ல் கோயம்புத்தூரில் கெடு வைத்துக் கிளிகளைக் கேட்டார்கள். எத்தனை பேர் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டைத் திறந்து விட்டிருப்பார்களோ.

#23 பறவைப்பித்தன்

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன் ஐயா.

#24 சேலத்து_சுமி

நடுவுல புகுந்து கேட்கறதுக்கு மன்னிக்கணும். எங்க காக்டெயில் நடுராத்திரி திடீர்னு கூண்டுக்குள்ள படபடன்னு அடிச்சுக்குது. காலையில பார்த்தா கீழ இறகு, ஒரு இறக்கை ஓரத்துல ரத்தம். பகல்ல நல்லா இருக்கு. கூண்டைக் கறுப்புத் துணி போட்டு முழுசா மூடித்தான் வைக்கறோம். ஏதாவது காத்துக் கருப்பான்னு மாமியார் கேட்கறாங்க.

#25 கொங்கு_செந்தில்

காத்தும் இல்ல கருப்பும் இல்லீங்க. காக்டெயிலுக்கு இது சகஜம். இருட்டுல பல்லி ஓடினாலோ, வண்டி ஹாரன் அடிச்சாலோ திடுக்கிட்டு எங்க இருக்கோம்னே தெரியாமப் பறக்கும். முழுசா மூடாதீங்க, ஒரு பக்கம் திறந்து விட்டு ரூம்ல ஜீரோ வாட் பல்பு போட்டு வைங்க. ராத்திரிக்குக் கூண்டுல தொங்கற மணி, ஊஞ்சலை எடுத்துருங்க. அடிக்கற சத்தம் கேட்டா லைட்டைப் போட்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, கையை உள்ள விடாதீங்க. ரத்தம் மறுபடி வந்தா டாக்டர்கிட்டக் காட்டோணும். மத்தபடி காக்டெயிலுக்குத் தனி இழை ஒண்ணு ஆரம்பிச்சுருங்க, இங்க எல்லாம் பச்சைக்கிளி தேடித்தான் வருவாங்க.